ஒரு விரல் இடைவெளி

இரண்டாவது முறையாகக் கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது மருமகள் எதிரிக் கோட்டையின் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தாள். இன்னும் நாலே அடி. நாலு அடி நகர்ந்திருந்தால் கொடி கைக்கு வந்திருக்கும். அதற்குள் திரை கறுத்துப் போயிற்று. ஹெட்செட்டில் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கத்திய நாலு குரல்களும் ஒரே வெட்டில் அறுந்தன. மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி, இன்றைய பொழுதுக்கு இவ்வளவு போதும் என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அதைத் தட்டி எழுப்பி மறுபடி உள்ளே போவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அணியில் மற்ற மூவரும் போய்விட்டார்கள். கேப்டன் மட்டும் காத்திருந்தார். கேப்டன் தொழிலால் பல் மருத்துவர். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அவர் கோபத்தில் குரலை உயர்த்துகிறவர் அல்ல. வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசுவார். அதுதான் பயமாக இருக்கும்.

"வலிக்கப் போகுதுன்னா முன்னாடியே சொல்லிடறது என் பழக்கம்," என்றார். "போன வாரம் இருபத்திரண்டாவது நிமிஷத்துல உங்க மிஷின் படுத்துச்சு. இந்த வாரம் இருபத்தஞ்சாவது நிமிஷம். முன்னேற்றம்தான், நான் இல்லேங்கல. ஆனா மேட்ச் நாப்பது நிமிஷமாச்சே."

"தெரியும் கேப்டன்."

"வர்ற ஞாயிறு ஜெயிச்சாதான் அடுத்த சுற்று. அன்னைக்கும் படுத்துச்சுன்னா உங்க இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க, காத்து."

காத்து என்பது அவளுடைய பெயரல்ல. விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பட்டம் காத்துக்கருப்பு. கூப்பிடுகிற அவசரத்தில் அது காத்து ஆகிவிட்டது. அந்த ஐந்தாவது இடத்துக்காக அவள் எட்டு மாதம் மாற்று ஆளாகக் காத்திருந்தவள். யாருக்காவது காய்ச்சல் வராதா என்று ஏங்கியதும் உண்டு. பிறகு அப்படி ஏங்கியதற்காக வருந்தியதும் உண்டு. வாராவாரம் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் கூடுதல் வெட்கம் ஒன்றும் இருந்தது. அவளுடைய வேலையே காற்றோட்டம் சோதிப்பது. அலுவலகங்கள், மருத்துவமனைகள், பெரிய சமையற்கூடங்கள் எல்லாவற்றுக்கும் போவாள். பையில் காற்றை அளக்கும் கருவி ஒன்று இருக்கும். ஆனால் முதலில் எடுப்பது ஒரு சாண் நூலைத்தான். காற்று வரும் வழியில் நூலைப் பிடிப்பாள். ஆடினால் சரி. ஆடாவிட்டால், "இந்த ரூம்ல மனுஷங்க எப்படி உக்காருவாங்க?" என்று மேலாளரைக் கேட்பாள். ஊரில் இருக்கிற மேலாளரையெல்லாம் கேட்டுவிட்டு, தன் கையாலேயே ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்த கம்ப்யூட்டரை ஒரு பழைய அலுவலகப் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தாள். முன்பக்கம் முழுத் தகரம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குக்கூட அதைவிடக் கொஞ்சம் காற்று கிடைக்கும்.

அன்று மாலையே நோட்டை எடுத்துச் சோதித்து எழுதினாள். பெட்டி மூடியிருக்க, தொண்ணூற்றெட்டு டிகிரி. நூறைத் தொட்டால் தானாக அணைந்துவிடும். பக்கக் கதவைக் கழற்றி வைக்க, எழுபத்தாறு. ஒருமுறை அளந்தது தவறாக இருக்குமோ என்று இரண்டாம் முறை அளந்தாள். இரண்டாம் முறையும் அதே எண்கள் வரவே, அளந்த விதமே தவறோ என்று மூன்றாம் முறை அளந்தாள். அப்புறம்தான் நம்பினாள். கதவைக் கழற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது.

தீரவில்லை. மாமனார் வந்து பார்த்தார்.

கீழே கடை, மேலே வீடு. மாமனாருக்குக் கண்ணாடித் தொழில். ஜன்னல் கண்ணாடி, ஆளுயரக் கண்ணாடி, மேசை மேல் போடும் கண்ணாடி எல்லாம் வெட்டிப் பொருத்தித் தருவார். பெரிய மாதிரிகளை மேலே ஹால் சுவரில்தான் மாட்டியிருந்தார். அதனால் வாடிக்கையாளர்கள் படியேறி ஹாலுக்குள் வந்து போவார்கள். இன்டர்நெட் ஒயரும் அந்த ஹாலோடு நின்றுவிட்டதால் கம்ப்யூட்டருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

மாமனார் கதவில்லாத பெட்டியை, உள்ளே பின்னிக் கிடந்த ஒயர்களை, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ணிட்டுத் தைக்க மறந்துட்டுப் போன மாதிரி இருக்கேம்மா."

"இப்படி இருந்தாதான் மாமா சூடாகாது."

"நீ விளையாடு, தாராளமா விளையாடு. யார் வேணாம்னா? ஹால்ல இருக்கற பொருள் மூடியிருக்கணும், பாக்க லட்சணமா இருக்கணும். அவ்ளோதான்."

கல்யாணமாகி வந்த இந்த இரண்டு வருடத்தில் மாமனார் அவளிடம் வேண்டாம் என்று எதையும் சொன்னதில்லை. இரைந்து பேசுகிற மாமனாராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். இவரிடம் அதற்கு வழியில்லை.

ஆகவே புதிய பெட்டி, கடைக்காரர் பாஷையில் கேபினெட். காற்றும் வர வேண்டும், லட்சணமும் வேண்டும். மருமகள் நோட்டில் பதினோரு கேபினெட்டுகளைப் பட்டியல் போட்டாள். முன்பக்கம் என்ன, எத்தனை ஃபேன், தூசி வலை கழற்றலாமா, கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் இடம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். லட்சணத்துக்கும் ஒரு கட்டம் போட்டாள். அதை எப்படி அளப்பது என்று தெரியாமல் காலியாக விட்டாள்.

கணவன் நோட்டை எட்டிப் பார்த்தான். அவன் செருப்புக் கடையில் விற்பனையாளன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் கடிக்குமா கடிக்காதா என்றுதான் முதலில் யோசிப்பான்.

"எங்கப்பா மருமக தேடினப்போகூட இவ்ளோ விசாரிக்கலை," என்றான்.

"விசாரிச்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க."

"எதுவா இருந்தாலும் அரை சைஸ் கூட வாங்கு. போகப் போக உள்ளே வீங்கும்."

புதன்கிழமை மாலை கடைக்குப் போனார்கள். மாமனார் வருவார் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. கீழே கடையைப் பூட்டி, சட்டையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு வாசலில் நின்றார். "ஹால்ல நிக்கப் போற பொருளை நான் பாக்க வேணாமா?"

கம்ப்யூட்டர் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கேபினெட்டுகள் அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் விளக்குப் போட்டுக்கொண்டு மின்னின. விற்பனைப் பெண் புன்னகையோடு வந்தாள். மாமனார் வரிசையின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். "தகரம். பிளாஸ்டிக். தகரம். இதுவும் பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி ஏமாத்துது."

மருமகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது மூன்றாவதாக இருந்தது. கறுப்பு நிறம். முன்பக்கம் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட கம்பி வலை. நூலைக் கிட்டே கொண்டு போவதற்குள் வலை அதை இழுத்து ஒட்டவைத்துக்கொண்டது. இதற்கு மேல் ஒரு கேபினெட்டிடம் என்ன கேட்க முடியும்?

"என்னம்மா இது, சல்லடையா?" என்றார் மாமனார்.

கணவன் உதவிக்கு வந்தான். "நல்ல காத்தோட்டமான செருப்பு மாதிரி இருக்குப்பா."

"செருப்பை ஹால்ல வைப்போமா?"

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மருமகள் கணவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒலிபெருக்கிகள் இருந்த பக்கமாக நகர்ந்துவிட்டான்.

அடுத்து விற்பனைப் பெண் காட்டியது வெள்ளை நிறத்தில் சுற்றிலும் மூடிய ஒன்று. உள்ளே வானவில் சுழன்றது. நூல் அசையவே இல்லை. துக்கம் கேட்க வந்த ஆள்போலத் தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

"எல்லாரும் இதைத்தான் மேடம் வாங்கறாங்க."

"வாங்கினவங்க ஆன் பண்ணிப் பாத்தாங்களா?"

விற்பனைப் பெண்ணின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. அந்த நேரத்தில் வரிசையின் கடைசியிலிருந்து டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. மாமனார் அங்கே ஒரு கேபினெட்டின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். மறுபடி தட்டினார். டங்.

"இது கண்ணாடி," என்றார். கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுவிட்ட குரல். "நாலு மில்லி. சூடேத்தி இறுக்கினது. விளிம்பைத் தடவிப் பாரும்மா, வெண்ணெய் மாதிரி தேய்ச்சிருக்கான். ஃபிரேமே இல்லாம நிக்குதே!"

முன்பக்கம் புகைநிறக் கண்ணாடி. பக்கத்தில் தெளிந்த கண்ணாடி. பார்க்க, உண்மையிலேயே அழகாக இருந்தது. மருமகளின் பட்டியலில் அது இரண்டாம் இடம். முன் கண்ணாடி உடம்போடு ஒட்டாமல் ஒரு விரல் அளவு தள்ளி நின்றது. வலப்பக்கம் ஒரு நீளமான இடைவெளி, இடப்பக்கம் ஒன்று. காற்று அவற்றின் வழியாக நுழைந்து, தூசி வலையைத் தாண்டி, மூன்று ஃபேன்களுக்குப் போகும். ஃபேன்களை ஓடவிடச் சொல்லி, அவள் முழங்காலிட்டு நூலைப் பிடித்தாள். நூல் சட்டென்று உள்பக்கம் வளைந்து துடித்தது.

"ஆடுது!" என்றாள்.

மாமனார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஆடுதா?"

"நல்லா ஆடுது மாமா!"

"அந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்!"

மாமனார் உச்சுக்கொட்டினார். முகத்தில் ஒரு வருத்தம் படர்ந்தது. மருமகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. கணவன் கவனித்தான். நின்று நின்று அப்பாவுக்குக் கால் வலிக்கிறது என்று முடிவு செய்து ஒரு ஸ்டூலைத் தேடினான்.

சல்லடையை விட இது மூன்று டிகிரி கூடக் காட்டலாம் என்று மருமகள் கணக்கிட்டாள். மூன்று டிகிரி தாங்கும். நாலு என்றாலும் தாங்கும். ஐந்து என்றால்? கடைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தாள். கடைசியில் மாமனார் அந்த விளிம்பை மறுபடி ஒருமுறை தடவிப் பார்ப்பதைக் கண்டதும் முடிவு செய்துவிட்டாள். "இதையே எடுத்துக்கலாம் மாமா. உங்களுக்குப் பிடிச்சிருக்கு, எனக்கும் போதும்."

"உள்ளே அந்தப் பெரிய கார்டு நுழையுமா?" என்று கணவன் அளவு நாடாவை நீட்டினான். நுழைந்து ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. அவனுக்குப் பரம திருப்தி.

சனிக்கிழமை முழுவதும் ஹாலில் வேலை நடந்தது. மருமகள் ஒவ்வொரு பாகமாகப் பழைய பெட்டியிலிருந்து புதியதற்குக் குடியேற்றினாள். ஒயர்களைப் பின்பக்கமாக ஓட்டிக் கட்டினாள். திருகாணிகளை இறுக்கி, இறுக்கியது போதுமா என்று மறுபடி தொட்டுப் பார்த்தாள். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார், அவ்வப்போது கண்ணாடியில் விழுந்த கைரேகையைத் துணியால் துடைத்தார். மாலையில் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தாள். எழுபத்து மூன்று. அதற்கு மேல் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

ஞாயிறு காலை அவளுக்கு வேலை இருந்தது. அலுவலகக் கட்டடங்களை ஆள் இல்லாத நாளில்தான் சோதிக்க முடியும். ஆறு மாடியில் ஒவ்வொரு அறையாக நூல் பிடித்துவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்றரை. ஹாலில் லேசான புளிப்பு வாசனை. கீழே கடையில் ஏதோ ஒட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அந்த வீட்டில் அந்த வாசனை புதிதல்ல. கணவன் இன்னும் செருப்புக் கடையிலிருந்து திரும்பவில்லை. மாமனார் எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்கு மேலாக இரண்டு முறை அவளைப் பார்த்து, பார்க்காததுபோல இருந்துகொண்டார். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு வந்த முகம்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இருபது நிமிடம், இடையில் ஐந்து நிமிடம், மறுபடி இருபது நிமிடம். யார் அதிகம் கொடி எடுக்கிறார்களோ அவர்கள் வெற்றி. திரையின் மூலையில் சின்னதாக டிகிரி தெரியும்படி மருமகள் வைத்திருந்தாள்.

மூன்றாவது நிமிடத்தில் எழுபத்து மூன்று. நல்லது. ஆறாவது நிமிடத்தில் எழுபத்தொன்பது. ஆட்டம் சூடு பிடித்திருக்கிறது, கம்ப்யூட்டருக்கும் இருக்கத்தானே செய்யும். பத்தாவது நிமிடத்தில் எண்பத்தைந்து. ஒரு கண் எதிரி மேல், ஒரு கண் எண்ணின் மேல். அந்த நிலைமையில் எதிரியும் சரியாகத் தெரியவில்லை.

"காத்து எங்க?" என்றார் கேப்டன். "இடது பக்கம் காத்தே வரலியே!"

உண்மை அவருக்குத் தெரியாமலே அவர் சரியாகத்தான் சொன்னார். கையை நீட்டி மேசை மின்விசிறியைக் கேபினெட் பக்கம் திருப்பினாள். கண்ணாடி சில்லென்று ஆனது. உள்ளே எண்பத்தொன்பது ஆனது. இடைவேளை மணி அடித்தபோது இரண்டு அணிக்கும் இரண்டிரண்டு கொடி. மூலையில் தொண்ணூற்று நாலு.

மருமகள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நூலை எடுத்து முன் கண்ணாடியின் ஓரத்தில் பிடித்தாள். தொங்கியது. அந்தப் பக்கம் பிடித்தாள். தொங்கியது. விரலை இடைவெளிக்குள் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. இடைவெளி இருந்த இடத்தில், இருட்டு நிறத்திலேயே, வழுவழுவென்று ஏதோ ஒன்று கையை நிறுத்தியது. அமுக்கினால் ரப்பர்போல நெகிழ்ந்தது.

"மாமா."

"சொல்லும்மா." பேப்பர் உடனே இறங்கியது.

"கண்ணாடி ஓரத்துல ஏதாவது பண்ணீங்களா?"

மாமனாரின் முகம் வாடியது. "தெரியுதா? தெரியக்கூடாதே!"

"தெரியலை மாமா. கை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

"அதானே பாத்தேன்." முகம் மறுபடி மலர்ந்தது. "உள்ளே நுரைக் கயிறு திணிச்சு, மேல கறுப்பு சிலிக்கான் பசை போட்டு, சோப்புத் தண்ணி தொட்டு ஒரே இழுப்பு. இந்தக் கோடியில ஆரம்பிச்சா அந்தக் கோடியில முடியற வரைக்கும் விரலை எடுக்கலை."

"எதுக்கு மாமா அடைச்சீங்க?"

"நீதானேம்மா கண்டுபிடிச்சே! கடையில நூலை வச்சுப் பாத்துட்டு, ரெண்டு பக்கமும் ஆடுதுன்னு சொன்னே. இவ்ளோ அழகான கண்ணாடியை இப்படி ஒப்பேத்திப் பொருத்தி விக்கிறானேன்னு எனக்கு மனசே ஆறலை. எனக்குப் பிடிச்சிருக்குன்னுதான், தெரிஞ்சே குறையோட வாங்கினே. எனக்குப் புரியாதா? அதான் நீ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சுடணும்னு..."

மருமகள் கையில் இருந்த நூலைப் பார்த்தாள். மாமனார் முப்பத்தொரு வருடமாக ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர். பொருத்தி முடித்ததும் ஓரத்தில் நூலைப் பிடித்துப் பார்ப்பார். ஆடினால் வேலையில் ஓட்டை. ஆடாவிட்டால்தான் கருவிகளை எடுத்துப் பையில் போடுவார். அவளும் அதே நூலைத்தான் பிடிக்கிறாள். ஆடாவிட்டால் மறு சோதனை எழுதுகிறாள்.

கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் யாரிடம் கத்துவது? இன்று காலைகூட ஆறு மாடியிலும் காற்று வரும் வழிகளில், 'இதை மூடாதீர்கள்' என்று அவள் கையால் சீட்டு ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். மூடுகிறவர்கள் நல்லவர்கள்தான், தெரியாமல்தான் மூடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் விளக்கியிருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை யோசிக்க அவளுக்கு நாலு விநாடி ஆனது. அதற்கு மேல் யோசிக்க நேரமும் இல்லை.

"மாமா, அது ஓட்டை இல்லை. மூக்கு. அது வழியாத்தான் இது மூச்சு விடுது."

மாமனார் கேபினெட்டைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார்.

"அப்போ காலைலேர்ந்து நான் மூக்கை அடைச்சுட்டு உக்காந்திருக்கேனா?"

"இன்னும் நாலு நிமிஷத்துல திறக்கணும் மாமா. இல்லேன்னா என்னை எடுத்துடுவாங்க."

அவருக்கு விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் மருமகளின் குரல் அப்படி உடைந்து அவர் கேட்டதில்லை. விருட்டென்று எழுந்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கத்தியை எடுத்து ஓரத்தில் இழுத்தார். மேல் தோல் பிளந்தது. உள்ளே இன்னும் காயாத சிலிக்கான் கத்தியில் அப்பி, வெட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொண்டது. இரண்டாவது முறை இழுத்தார். அதேதான்.

"பாதி காய்ஞ்சிருக்கு. இந்த நேரத்துல அது யார் பேச்சும் கேக்காது. நாளைக்குக் காலைல ஒரே நாரா உரிச்சுத் தந்துடுவேனே!"

"நாளைக்கு வேணாம் மாமா. பக்கக் கண்ணாடியைக் கழட்டிடறேன்."

மாமனார் தலையைத் திருப்பினார். சுவரைப் பார்த்தார்.

"மாமா?"

"அதுவும் லேசா ஆடுச்சும்மா."

மருமகள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்செட் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கேப்டனின் குரல் வந்தது. மைக்கை அவள் அணைக்கவே இல்லை. "காத்து, நாங்க நாலு பேரும் கேட்டுட்டுதான் இருக்கோம். மூணு நிமிஷம் பத்து செகண்ட். உங்க மாமா கிட்ட ஒண்ணு கேளுங்க. புடுங்க முடியலைன்னா உடைக்க முடியுமா?"

"உடைக்கறதா?" மாமனார் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தே கேட்டார். "முப்பத்தொரு வருஷத்துல நான் தெரிஞ்சு ஒரு கண்ணாடியை உடைச்சதில்லைங்க."

"தெரியாம?"

"அது நிறைய."

"அப்போ அனுபவம் இருக்கு. செய்ங்க."

மாமனார் மருமகளைப் பார்த்தார். "நான் பாத்துப் பாத்து எடுத்ததும்மா."

"தெரியும் மாமா." அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "எனக்கு இது வேணும்."

அவர் படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தார். அந்த வயதில் யாரும் அப்படிப் படியிறங்கக்கூடாது. இறங்கினார், ஏறினார். ஒரு கையில் கண்ணாடிக்கு ஒட்டும் ஸ்டிக்கர் சுருள், இன்னொரு கையில் கூர்முனை ஆணியும் சின்னச் சுத்தியும். தரையில் போர்வையை விரித்தார். முன் கண்ணாடி முழுவதும் ஸ்டிக்கரை ஒட்டித் தேய்த்தார். அந்த அவசரத்திலும் ஒரு குமிழி வந்ததைப் பொறுக்காமல் ஓரத்துக்குத் தள்ளினார். "உள்ளே வலை இருக்குல்ல? துகள் போகாதே?" என்று கேட்டுக்கொண்டார். கீழ் மூலையில் ஆணியை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

டிக்.

சத்தம் அவ்வளவுதான். கண்ணாடி முழுக்க ஒரே கணத்தில் பொடிக் கற்களாக நொறுங்கி, ஒன்றுகூடக் கீழே விழாமல் ஸ்டிக்கரிலேயே ஒட்டி நின்றது. மாமனார் மேல் விளிம்பைப் பிடித்து ஈரத் துணியை உரிப்பதுபோல அதை உரித்துப் போர்வையில் சுருட்டினார். சிலிக்கான் மட்டும் இரண்டு பக்கமும் தூண்போல அப்படியே நின்றது. கத்தி பட்ட இடம் தவிர அதில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு விநாடி பெருமை வந்துபோனதை மருமகள் கவனித்தாள். அதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது.

தொண்ணூற்றொன்று. எண்பத்து நாலு. எழுபத்தேழு. மூன்று ஃபேன்களும் ஹால் காற்றை மொத்தமாக இழுத்தன. எண் எழுபத்திரண்டுக்கு வந்ததும் அவள் அந்த மூலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பார்க்க இனி எதிரிகள் மட்டும்தான். இப்போது அவளுக்கு வேறு ஒரு பயம் பிடித்தது. இத்தனை நாளும் தோற்றால் கம்ப்யூட்டர் மேல் பழி போடலாம். இனி சொல்ல ஒன்றும் இல்லை.

மாமனார் பின்னால் வந்து நின்றார். பத்து நிமிடம் திரையையே பார்த்தார். அப்புறம் தாங்கவில்லை.

"இதுல நீ யாரும்மா?"

அவள் அப்போதுதான் மூன்றாவது கொடியை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்தான் இருந்தது. "கொடி வச்சிருக்கேன் பாருங்க மாமா, கறுப்புச் சட்டை," என்று ஒரு கையை எடுத்துத் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"எது, இப்போ குப்புற விழுந்து கிடக்கே, அதுவா?"

அதேதான். கொடி அவள் பக்கத்தில் கிடந்தது. ஹெட்செட்டில் ஒரே கூச்சல். அதற்குள் பின்னாலேயே ஓடி வந்த கேப்டன் குனிந்து கொடியை அள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். மணி அடித்தது. மூன்றுக்கு இரண்டு.

கொஞ்ச நேரம் எல்லோரும் கத்தி ஓய்ந்தார்கள். பிறகு கேப்டன் தொண்டையைக் கனைத்தார். மருமகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்போலவே அசையாமல் இருந்தாள்.

"பாலத்து நடுவுல கையை விட்டதைப் பத்தி வேற ஒரு நாள் விரிவாப் பேசுவோம்," என்றார். "ஆனா இன்னைக்குச் செத்தது நீங்க. மிஷின் சாகலை. நான் கேட்டது அவ்ளோதான். அடுத்த ஞாயிறு நாலு மணி. இருப்பீங்கல்ல, காத்து?"

"இருப்பேன்," என்றாள். மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்து, இன்னொரு தரமும் சொன்னாள்.

மாமனார் தரையில் முழங்காலிட்டு, தப்பி விழுந்த கண்ணாடித் துகள் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் தடவுவதை நிறுத்தவில்லை.

"அடுத்த ஞாயிறும் நாலு மணியா?" என்றார். "அப்போ நான் மூணரைக்கே எல்லாத்தையும் சாத்திட்டு மேல வந்துடறேன்."

"கடையை மட்டும் சாத்துங்க, மாமா."